வெர்ஜிலைக் கொன்ற பக்கத்து வீட்டுக்காரி

எங்கள் பக்கத்து வீட்டு க்ளெண்டா டாலிவருக்குப் பிணங்களை நடக்க வைப்பதுதான் பிழைப்பு. ஒரு வீடியோ கேமில் செத்தவர்கள் எழுந்து கடிப்பார்கள். கடிபட்டவர்களும் செத்து எழுவார்கள். அந்தக் கேம் கம்பெனிக்காக அதை நாவலாக எழுதிக் கொடுப்பாள். கேமின் நாயகன் மேல் கீறல்கூட விழக்கூடாது, அவன் கம்பெனியின் சொத்து. சாகிறவர்களை அவளே உண்டாக்கிக்கொள்ளலாம். பெயருக்கு எங்கே போவாள்? ஓஹையோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரின் தபால்காரர், பல் டாக்டர், பாதிரியார் எல்லோரையும் கொன்றாள். கொல்லப்பட்டவர்கள் பெருமையாக வந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள். பைத்தியக்கார ஊர்.

முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் கணவர் வெர்ஜில், பள்ளி பஸ் டிரைவராகவே வந்து, கையில் கடிபட்டார். ஆறு மாதம் அதையே பீற்றிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் மூளையில் கட்டி என்றார்கள். முப்பது வருடம் என்னை ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் கெட்ட வார்த்தையில் திட்டித் தட்டை வீசினார். தெளிந்ததும் அழுதார். அப்படித் தெளிந்திருந்த ஒரு காலையில் க்ளெண்டாவைக் கூப்பிட்டார்.

"ரெண்டாவது புத்தகத்துல நான் என்ன ஆகறேன்?"

"பொழைக்க வெச்சுடறேன், வெர்ஜில்."

"பாதிரியாரையே விட்டுவைக்காதவ நீ, கதை விடாதே. கடிபட்டா அவ்வளவுதான். நான் மாறறதுக்குள்ள சுட்டுடு. யாரையும் கடிக்க வெச்சுடாதே."

அப்படியே எழுதி அனுப்பினாள். கடிபட்டவன் மாறியே ஆகவேண்டும், அதுதான் கேமின் விதி என்று கம்பெனி திருப்பி அனுப்பியது. பெண்டாட்டியைக் கடித்தால் இன்னும் நல்லதாம். போனில் கத்தினாள், கெஞ்சினாள். வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். எழுதிக் கொடுத்துவிட்டாள். இதெல்லாம் பின்னால் அவளே சொன்னது.

அன்று எனக்கு எதுவும் தெரியாது. சூப்பர் மார்க்கெட்டில் புதுப் புத்தகத்தைப் பார்த்து, நின்றபடியே படித்தேன். வெர்ஜில் என் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கக் காத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் க்ளெண்டா புத்தகத்தோடு வந்தாள். வெர்ஜிலுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து படித்தாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெர்ஜில் பஸ் கதவைச் சாத்துகிறார். "இப்பவே சுடு, நான் இன்னும் நானாத்தான் இருக்கேன்" என்கிறார். ஒரே குண்டு. யாரையும் கடிக்கவில்லை.

அவ்வளவையும் சொல்லி முடிக்கும்வரை அவள் பக்கத்தைப் புரட்டவே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவருக்குச் சரியா கேட்டிருக்காது, க்ளெண்டா," என்றேன். "இன்னொரு தடவ படி."