தண்ணீரே போதும் என்றேன்

"தண்ணியே போதும்க்கா" என்று சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. வேதியியலில் பட்டம் வாங்கியிருந்தேன். என் முன்னால் ஒரு மேசை, மேசைமேல் மூடி திறந்த ஒரு பச்சைப் பாட்டில். இன்று எண்பதைத் தாண்டிவிட்டேன். அப்படிச் சொல் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

புதுக்கோட்டைக்கு வெளியே, சரளை மண் காட்டின் ஓரத்தில் இருந்தது அந்தக் கம்பெனி. முதலாளியின் தகப்பனார் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. துரைமார் தங்கள் நாட்டு ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைத்துக் கப்பலில் வரவழைத்து மருந்தாகக் குடித்த காலம். பக்கத்துப் பாறைக்குன்றின் சுனைநீரைக் குடித்து ஒரு துரைக்கு நீரிழிவு தீர்ந்ததாக ஒரு கதை உண்டு. அந்தத் துரையின் பெயரை மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியாது. பெரியவர் அந்தச் சுனைநீரை, சீமைத் தண்ணீர் வந்த மாதிரியே பச்சைப் பாட்டிலில் அடைத்து, பொன்னெழுத்து லேபிளும் இரண்டு பதக்கங்களின் படமும் ஒட்டி விற்றார். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் பெட்டி பெட்டியாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் நான்காக மடித்த ஒரு துண்டுத்தாள் இருக்கும். நீரிழிவு, நீர்க்கட்டு, வாதம், மகோதரம், ஸ்திரீகளின் சகல வியாதிகள் என்று அதில் ஒரு நீளமான வரிசை.

நான் வேலைக்குச் சேரும் முன்பே சுனை வற்றிவிட்டது. கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரில் சோடா உப்பும் வேறு இரண்டு உப்புகளும் கலந்து, கேஸ் ஏற்றி அடைத்துக்கொண்டிருந்தார்கள். நோய்களின் பெயரைப் போட்டு விற்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது முதலாளி லேபிளை மாற்றினார். துண்டுத்தாளை மாற்றவில்லை. பழைய கட்டுகள் ஓர் அறை நிறையக் கிடந்தன. சட்டத்துக்காக ஒரு கெமிஸ்ட் வேண்டியிருந்தது. அதற்குத்தான் நான்.

என் வேலை எளிது. ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் தண்ணீரைச் சோதனைக்குழாயில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் திராவகம் விடுவேன். பால் திரிந்ததுபோல் குபுக்கென்று வெளுக்கும். பிறகு தொட்டியின் சீட்டில் கையெழுத்துப் போடுவேன். உப்புக் கரைந்த எந்தத் தண்ணீரும் அப்படித்தான் வெளுக்கும். வேலை செய்யும் பெண்கள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள்.

அவர்களில் ஒருவர்தான் அக்கா. பொன்னமராவதிப் பக்கத்தவர், கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் பாட்டில் கழுவுவதும் அவர் வேலை. மற்ற எல்லோரும் என்னை சார் என்றார்கள். அவர் முதல் நாளிலிருந்தே தம்பி என்றார். அறை எடுத்துத் தங்கிக் கிளப்புக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவருடைய தூக்குச்சட்டியிலிருந்து ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பு தினமும் வரும். "இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு பொண்ணு கேட்டுப் போனா, வாசல்லயே மோரக் குடுத்து அனுப்பிருவாக. நல்லாத் தின்னுங்க" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். எனக்குத் தாய் இல்லை. அந்தச் சிரிப்புக்காகவே சாப்பாட்டு மணிக்குக் காத்திருப்பேன்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "ஏன்க்கா, இது நீங்க எறைக்கிற தண்ணிதானே, இதையா வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிக்கிறீங்க?" வாய் உடைந்த பாட்டில்களைத் தொழிலாளிகள் எடுத்துப்போகலாம் என்பது அங்கே வழக்கம்.

"எறைக்கிறப்ப தண்ணிதான் தம்பி. ஒங்க மேசைக்கு வந்து வெளுக்குதுல்ல, அங்கிட்டுதான மருந்தாகுது. அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போடுறீங்க?"

நான் சிரித்தேன். திருத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒரு காலையில், மதுரையிலிருந்து வந்திருந்த இரண்டு ஏஜெண்டுகளுடன் முதலாளி என் மேசையருகே நின்றிருந்தபோது, அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். "தம்பி, ஆஸ்பத்திரி மாத்திரயத் தின்னா தலய சுத்துது. நம்ம தண்ணியவும் குடிக்கிறேன். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்குமா, இல்ல ஒண்ண விட்டுறவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி புன்னகைத்தபடி காத்திருந்தார். டாக்டரையே கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் வேலை போயிருக்காது, முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். நான் சொன்னதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

மாலையில் தனியாக அழைத்து மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மாலையில் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, தலைசுற்றல் நின்றுவிட்டதென்று என் கன்னத்தை வழித்து விரலைச் சொடுக்கினார். மாத்திரையை விட்டதால் நின்ற தலைசுற்றல் அது. அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவே இல்லை.

சில மாதங்களில், பாட்டில் கழுவும் இடத்தில் ஒரு கண்ணாடிச் சில்லு அவர் வலது குதிகாலில் ஏறியது. புண் ஆறவில்லை. அதன்மேல் நம் தண்ணீரையே ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. கால் கறுத்தபின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டில் அவர் கட்டிலருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுனை இல்லை, வெறும் கிணற்றுத் தண்ணீர், வெளுப்பது உப்பு, என் கையெழுத்துக்கு எந்தச் சக்தியும் இல்லை. அழுதுகொண்டே சொன்னேன். அவர் அழவில்லை.

"கெணத்துத் தண்ணின்னு எனக்குத் தெரியாதா? நாந்தான எறைச்சேன். நான் தண்ணியக் கேக்கலயே, ஒங்களத்தான கேட்டேன்" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போங்க சார். நர்சு வர நேரம்."

அந்த ஒரு 'சார்' என்னை விட்டு இன்னும் இறங்கவில்லை.

மறுநாள் வேலையை விட்டேன். கம்பெனி நின்றுவிடவில்லை. வேறு ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார். ஜனங்களுக்கு ருசி விட்டுப்போய் அது தானாகத்தான் மூடியது. நான் கல்லூரி ஆசிரியனானேன், மணம் செய்துகொண்டேன், பெண்ணைப் படிக்கவைத்தேன். இன்று மனைவி இல்லை. மகள் வெளிநாட்டில். கடைத்தெருவுக்குப் போனால் எந்தப் பெட்டிக்கடையிலும் மினரல் வாட்டர் தொங்குகிறது. தாகத்துக்கு வாங்குகிறார்கள், குடித்துவிட்டு எறிகிறார்கள். அது எதையாவது தீர்க்கும் என்று யாரும் நம்புவதில்லை. ஏமாற்ற யாரும் மிச்சமில்லாத காலத்தில்தான் எனக்கு நேர்மை வந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அக்கா தன் ஊரில் அண்ணன் வீட்டில் கட்டைக் காலுடன் இருந்தார். மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறிப்போய் அவருக்குரிய மாத்திரைகளைக் கொடுத்துவருவேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. உட்காரச் சொல்வார், காப்பி கொடுப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். எல்லாம் சார், சார் என்றுதான். சில வருஷம் கழித்து, அந்த ஊர்ச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு விஷயத்தைச் சொன்னார். நான் பஸ் ஏறியதும் அக்கா கோலை ஊன்றிக்கொண்டு அவரிடம் வருவாராம். மாத்திரைப் பட்டைகளை மேசையில் பரப்பி, "இது சரியான மாத்திரதானான்னு பாருங்கம்மா" என்பாராம். அவர் சரி என்று சொன்னபிறகுதான் வீட்டுக்குப் போவாராம். ஒவ்வொரு மாதமும்.

எனக்கும் வயதாகிவிட்டிருந்த ஒரு முறை, கடைக்காரர் மாற்றிக் கொடுத்த பட்டையைப் பார்க்காமல் கொண்டுபோய்விட்டேன். அது இரத்த அழுத்த மாத்திரை, அவருக்குத் தேவையே இல்லாதது. நர்ஸம்மா கண்டுபிடித்துவிட்டார். அடுத்த மாதம் நான் போனபோது பட்டை பிரிக்காமல் அப்படியே ஜன்னலில் இருந்தது.

"இது அது இல்லையாம் சார்" என்றார், கோபமே இல்லாமல்.

"கேட்டுப் பார்த்தது நல்லதாப் போச்சுக்கா" என்றேன்.

"எப்பவும் கேட்டுக்கிருவேன்" என்றார். காப்பி ஆறுகிறது என்று தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.