கவ்வி மாட்டாத தகடு

நான் சொல்வதில் பாதி பொய் என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். இது மறுபாதியைச் சேர்ந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பொய் சொல்வதாக இருந்தால் என் மானம் போகிற மாதிரியா சொல்வேன்? பேயின் காதைத் திருகி வெளியே அனுப்பினேன் என்றல்லவா சொல்லியிருப்பேன்?

பேய் என்றதும் நள்ளிரவு, மழை, நாயின் ஊளை எல்லாம் எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும். என்னுடையது சனிக்கிழமை பிற்பகல் மூன்றே கால் மணிக்கு வந்தது. நல்ல வெயில். நாய்கள் தூங்கிக்கொண்டிருந்தன.

என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியில் வீடு திரும்ப வேண்டும். எந்த வீட்டுக்கு என்பதுதான் பிரச்சினை. எங்கள் வாசலில் மூன்று படிகள். அதைவிடப் பெரிய இடைஞ்சல் நான். கொஞ்ச காலமாக என் கைகள் நடுங்குகின்றன.

"அம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேம்பா," என்றாள் மகள். அவள் வீடு ரயிலில் ஓர் இரவுத் தூரம்.

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"மாத்திரைய அவங்க வாய்ல போடுவீங்களா, காதுல போடுவீங்களா?"

"எதுல போட்டாலும் உள்ளதானே போகும்."

அவள் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவியும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம்கூடப் பிரிந்து இருந்ததில்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது. இதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வீராப்பு வந்தது.

"வாசப்படிமேல நாற்காலி ஏற சரிவா ஒரு ராம்ப் நானே செஞ்சு போடறேன். என் கையால. ஒரு வெட்டு கோணலா இருந்தாலும் அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

"நிஜமாவா?"

"நிஜமா."

என் நிஜங்களின் தரம் அவளுக்குத் தெரியும். அம்மாவின் துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

கார் இல்லாத கார் ஷெட்தான் என் பட்டறை. இரும்பு அறுக்கிற கிரைண்டரை மகள் எப்போதோ ஒளித்துவைத்துவிட்டாள். ஆகவே பிளாஸ்மா கட்டர் வாங்கப் போனேன். காற்றில் மின்சாரத்தைப் பாய்ச்சி, ஊசிமுனை போன்ற நெருப்பாக்கி, இரும்பைக் காகிதம்போல் வெட்டுகிற இயந்திரம்.

"இதுக்குப் பலமே வேண்டாங்க," என்றார் கடைக்காரர். "கை மட்டும் ஆடாம இருந்தா போதும்."

இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். "அதுல நான் கில்லாடி," என்றேன்.

செத்துப்போன யாரோ ஒருவரின் பழைய இயந்திரம் என்று நீங்கள் கதையை முடித்துவிடப் பார்ப்பீர்கள். அந்த வழி அடைப்பு. புத்தம் புதியது. பெட்டியின் முத்திரையை என் கண்ணெதிரில்தான் உடைத்தார்கள்.

எலக்ட்ரீஷியன் வந்து அதற்கென்று தனி வயர் இழுத்து, என் முஷ்டி அளவுக்கு ஒரு பிளக் போட்டுக் கொடுத்தார். காற்றுக்குக் கம்ப்ரஸர். நடுவில் ஒரு வடிகட்டி. காற்றில் ஈரம் கலந்தால் முனை கருகிவிடுமாம். கடைசியாக, நீளமான வயரின் நுனியில் ஒரு கவ்வி. வெட்டப்போகிற தகட்டை அது கடித்துக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் அதன் வழியாகத்தான் திரும்பிப் போகும்.

"கவ்வி மாட்டலைன்னா?"

"வெட்டாது. சும்மா பொறி காட்டும். அவ்வளவுதான்." என் கைகளைப் பார்த்தார். பிறகு கண்ணியமாகச் சுவரைப் பார்த்தார். "யார் ஐயா வெட்டப்போறது?"

"ஆள் வருது," என்றேன்.

அதுதான் நான் செய்த தப்போ என்னவோ.

வெள்ளிக்கிழமை முழுவதும் துண்டுத் தகடுகளில் பழகினேன். கை விலகாமலிருக்க இரும்புச் சட்டத்தை அணைவாக வைத்துக்கொண்டு வெட்டியும் ஒவ்வொரு வெட்டும் முதலைப் பல்லாகத்தான் வந்தது. மகள் பார்த்துவிடக் கூடாதென்று துண்டுகளைச் சாக்கில் போட்டுக் கட்டினேன். பீடி பிடித்து மாட்டிக்கொள்ளப் பயப்படும் பையன் மாதிரி இருந்தது. இந்த வயதில்.

சனிக்கிழமை. மகள் மருத்துவமனைக்குப் போயிருந்தாள். இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒன்று நாற்பதுக்கு ஷெட்டில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. தட... தட... தட...

அதில் ஒன்றும் பயமில்லை. தொட்டியில் காற்று குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். எங்கோ கசிகிறது என்று நினைத்தேன். சோப்புத் தண்ணீர் கரைத்து இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவினேன். கசிந்தால் நுரை குமிழ் விடும்.

ஒரு குமிழ்கூட வரவில்லை.

திரும்பி வந்து கை கழுவினேன். மறுபடியும் தட... தட... தட... காற்று கசியவில்லை. அப்படியென்றால் செலவாகிறது.

ஷெட் கதவைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். மேஜைமேல் கிடந்த டார்ச்சின், அதாவது நெருப்பு கக்குகிற கைப்பிடியின், முனை ஊதிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க நின்றது.

இதை விளக்க வேண்டும். வெட்டி முடித்து விசையை விட்டதும், முனை குளிர்வதற்காகச் சில விநாடிகள் காற்று ஊதும். சில விநாடிகள்தான். அதாவது...

யாரோ அப்போதுதான் விரலை எடுத்திருந்தார்கள்.

நான் அணைத்திருந்த இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அணைக்க மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். முனையைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன். ஷெட்டுக்குள் ஏது வெயில்?

ஓடியிருக்கலாம். ஆனால் மறுநாள் ஞாயிறு.

மூன்றே கால். பெரிய தகட்டை மேஜைமேல் ஏற்றி, சாக்பீஸால் கோடு போட்டேன். கோடே நடுங்கியது. கையுறைகளை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டை இறக்கினேன். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எந்த நேரமும் அமாவாசைதான். நெருப்பு வந்தால்தான் எதுவும் தெரியும்.

விசையை அழுத்தினேன். சின்னதாக ஒரு நீலப் பொறி. தகடு வெட்டுப்படவில்லை.

கவ்வி. மாட்ட மறந்துவிட்டேன். அது எனக்குப் பின்னால், சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசையிலிருந்து விரலை எடுக்கப் பார்த்தேன்.

வரவில்லை.

என் விரல்மேல் இன்னொரு விரல் இருந்தது.

நெருப்பு பெரிதானது. இரும்பு வெட்டுப்பட ஆரம்பித்தது. கவ்வி இல்லாமல்...

என் மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள். தோல் கையுறையைத் தாண்டி ஜில்லென்றிருந்தது.

என் கை நடுங்கவில்லை.

கோடு நேராகப் போனது...

காதருகே மூச்சு. என்னுடையது இல்லை.

ஓடினேன்.

எப்படிக் கையை உருவினேன், ஹெல்மெட் எங்கே விழுந்தது, தெரியாது. பின்வாசல் வழியாக இரண்டு தெரு தாண்டி, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் நுழைந்தேன். அது சலூன். காலியாக இருந்த நாற்காலியில் விழுந்தேன். முடிதிருத்துபவர் எதுவும் கேட்காமல் முகத்தில் சோப்பு தடவிவிட்டார்.

"ஒரு கைக்கு மட்டும் கிளவுஸ் போட்டிருக்கீங்களே," என்றார். "புது ஸ்டைலா?"

"கடைல ஒண்ணுதான் இருந்தது."

"கொஞ்சம் ஆடாம உக்காருங்க பெரியவரே. கழுத்து."

அங்கேயே உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். இனி என்ன, மகளிடம் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து வீட்டுக்குப் போனேன்.

மகள் ஷெட் வாசலில் நின்றிருந்தாள். கையில் காலி டம்ளர். கண் கலங்கியிருந்தது.

"இப்பதானே உள்ள இருந்தீங்க. அதுக்குள்ள எங்க போனீங்க?"

"எப்போ?"

"நான் வந்ததுலேர்ந்து வெட்டிட்டுதானே இருந்தீங்க. ஜன்னல் வழியா பாத்துட்டே நின்னேன். கை அசையவே இல்லப்பா. உங்களப் போய் தப்பா நெனச்சிட்டேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். தகடு தயார். பக்கவாட்டுப் பட்டைகள் இரண்டும் தயார். நான் கோடே போடாத பட்டைகள். விளிம்பைத் தடவினால் சொரசொரப்பு இல்லை. கவ்வி ஆணியில் அப்படியே தொங்கியது. மின்சாரம் யார் வழியாகத் திரும்பிப் போனது?

"டீ கொண்டு வந்தப்பகூட ஹெல்மெட்டத் தூக்காமதான் பேசினீங்க," என்றாள்.

"என்ன பேசினேன்?"

"விளையாடாதீங்க. 'அம்மாவ நான் பாத்துக்கறேன், நீ ஊருக்குப் போ'ன்னீங்களே."

டம்ளரைப் பார்த்தேன். அடியில் ஒரு சொட்டுகூட இல்லை.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். நான் ஓடிப்போய்விட்டேன், நான் சலூனில் இருந்தேன், வெட்டியது நானில்லை. சொன்னால் என் மனைவி நாளை ரயிலேறிவிடுவாள்.

"மனசு வெச்சா கை சொன்ன பேச்சு கேக்கும்மா," என்றேன்.

மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அணைத்துக்கொள்ளக்கூட நான் கைகளைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. என் பொய்களில் ஒன்றுக்குக்கூட நான் அதுவரை வெட்கப்பட்டதில்லை. அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போதாக்குறைக்கு அது புதிதாகச் சவரம் செய்த முகம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி அந்தத் தகட்டின்மேல் ஏறித்தான் உள்ளே வந்தாள். ஒரு குலுக்கல் இல்லை. மருமகன் ஃபோனில் பாராட்டினார். எலக்ட்ரீஷியன் வந்து விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆளு யாருங்க? நம்பர் இருக்கா?" என்றார். மகள் திங்கட்கிழமை நிம்மதியாக ஊருக்குப் போனாள். அன்றே இயந்திரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார்கள். வேலை முடிந்துவிட்டது என்றேன். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நான் சொன்ன உண்மை.

ஷெட்டைப் பூட்டினேன். அத்தோடு விட்டது என்று நினைத்தேன். மனைவியின் கட்டிலுக்கு இடம் வேண்டுமென்று நான் கூடத்தில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை காலை மாத்திரையோடு அவள் அறைக்குப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, ஒற்றைச் சடை பின்னியிருந்தது. மருத்துவமனையிலிருந்து வந்தபோது சிக்குப் பிடித்துக் கிடந்த தலை.

"நர்ஸ் வந்தாளா?" என்றேன்.

"போங்க. செய்யறதையும் செஞ்சிட்டு நடிப்பு வேற." எனக்கு ரொம்ப நாளாகக் காட்டாத சிரிப்பு ஒன்றைக் காட்டினாள். "ரெண்டு ராத்திரியா உக்காந்து சிக்கெடுத்திருக்கீங்க. ஒரு முடிகூட வலிக்கல. லைட்டு வேணாம் வேணாம்னீங்களே, இருட்டுல எப்படிங்க வகிடு இவ்வளவு நேரா எடுத்தீங்க?"

எனக்குச் சடை பின்னத் தெரியாது.

"பழக்கந்தான்," என்றேன்.

"இன்னிக்கும் வருவீங்களா?"

ஆசையாகத்தான் கேட்டாள். கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"வரேன்," என்றேன்.