கேம் ஓடாத விஜயதசமி

அன்னைக்கு வீட்டுல இருந்தவங்க நாலு பேர். நான், ஷேர் ஆட்டோ ஓட்டறேன். என் பொண்டாட்டி. அவளோட அண்ணன், எனக்கு மச்சான், கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை யாவாரம், வெச்சிருக்கார். என் பொண்ணு, பன்னெண்டாவது படிக்கிறா. வீட்டுல இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சது அவதான்.

பொண்ணு படிப்புக்குன்னு பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினோம். கூடவே ஒரு கிரிக்கெட் கேம் டிஸ்க் குடுத்தாங்க. பழைய கேம். டிஸ்க் உள்ள இருந்தாத்தான் தொறக்கும்.

பொங்கலுக்கு அந்த கேம்ல மச்சான்கிட்ட தோத்தேன். தோத்தவன் மீசையை எடுக்கணும்னு பந்தயம். எடுத்தேன். அது திரும்ப முளைக்கிற வரைக்கும் ஸ்டாண்டுல என்னைப் பாப்பான்னு கூப்பிட்டானுங்க. பாப்பா, சவாரி வந்திருக்கு. பாப்பா, டீ குடிக்கிறியா.

விஜயதசமிக்கு மறுபடி வெச்சிக்கலாம்னு மச்சான் சொன்னார். சரின்னேன். ஒரு மாசமா சவாரி முடிச்சி வந்து ஆடிப் பழகினேன். அவருக்குத் தெரியாது.

முந்தின நாள் ஆயுத பூஜை. ஆட்டோ, ஸ்பானர், அருவாமனை, கம்ப்யூட்டர், எல்லாம் பூஜையில இருந்துச்சு. மறுநாள் காலையில பொண்டாட்டி திரும்பப் பூஜை போட்டு, இனிமே எடுத்துக்கலாம்னா. மச்சான் வந்தார். இட்லி சாப்பிட்டார். மீசையைத் தடவினார்.

"இன்னா மாப்ள, உன் மீசைக்கும் பூஜை போட்டுட்டியா?"

நான் டிஸ்க்கை டப்பாவுலேர்ந்து எடுத்து, எழுத்து மேல தெரியற மாதிரி வெச்சித் தள்ளினேன். கர்னு சத்தம் வந்துச்சு. கேம் வரல. இங்கிலீஷ்ல ஏதோ வந்துச்சு.

"டிஸ்க் போடச் சொல்லுதுப்பா" என்றாள் பொண்ணு.

"போட்டாச்சே."

"போடலன்னு சொல்லுது."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினோம். வரல. ஒயரைப் புடுங்கிச் சொருகினோம். வரல. கேமை அழிச்சிட்டுத் திரும்ப ஏத்தலாம்னு பாத்தா, ஏத்தறதுக்கும் அதே டிஸ்க்கைத்தான் கேக்குது. நல்லவேளை, அழிக்கல. பொட்டியோட பக்கத்துத் தகடைக் கழட்டி மச்சான் ஊதினார். உள்ள கொட்டியிருந்த குங்குமம் மூஞ்சியில பறந்துச்சு. எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி தும்மினார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

கம்ப்யூட்டர் வித்த கடைக்காரருக்குப் போன் போட்டேன். வைரஸா இருக்கும், எல்லாத்தையும் அழிச்சிடலாமான்னு கேட்டார். என் பொண்ணு போனைப் புடுங்கி வெச்சிட்டா. அவ நோட்ஸெல்லாம் அதுலதான் இருக்கு.

மச்சான் மூக்கைத் தொடைச்சிக்கிட்டே சொன்னார். "பயந்துக்கினு நீயே எதையோ புடுங்கி வெச்சிருக்க. கேம் ஓடலன்னா நீ தோத்ததாத்தான் கணக்கு."

"அது எந்த ஊரு நியாயம்?"

"கீழ்பென்னாத்தூர் நியாயம். பிளேடு இருக்கா தங்கச்சி?"

"இருக்குதுண்ணா" என்றாள் என் பொண்டாட்டி. உடனே சொன்னா.

என் மேலுதடு ஒரு தடவை சில்லுனு ஆச்சு.

பொண்ணு டிஸ்க்கை வெளிய எடுத்தா. திருப்பினா. அப்படியே சிரிச்சிக்கிட்டே கட்டில்ல விழுந்தா. அடிப்பக்கம், பளபளன்னு இருக்கிற பக்கம், மூணு இடத்துல சந்தனம். சந்தனத்துமேல குங்குமம்.

"யாரு வெச்சது?"

"நாந்தான்" என்றாள் பொண்டாட்டி. "ஸ்பானருக்கே வெச்சேன். இதுக்கு வெக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

"எழுத்து இருக்கிற பக்கம் வெக்கறதுதானே?"

"பளபளன்னு இருக்கிறதுதானே மூஞ்சி? முதுகுலயா பொட்டு வெப்பாங்க?"

மச்சான் தலையாட்டினார். "தங்கச்சி சொல்றது சரிதானே."

பனியனை எடுத்துத் தொடைக்கப் போனேன். நாளும் கிழமையுமா ஆம்பள கையால பொட்டை அழிக்கறதான்னு பொண்டாட்டி டிஸ்க்கைப் புடுங்கிக்கிட்டா. கண்ணுல ஒத்திக்கிட்டா. ஈரத்துணியால மெதுவா, குழந்தைக்கு மூஞ்சி கழுவற மாதிரி தொடைச்சிக் குடுத்தா.

போட்டோம். தொறந்துச்சு. கூட்டம் கத்தற சத்தம் வந்துச்சு. பொண்ணு கை தட்டினா.

ஆளுக்கு ரெண்டு ஓவர். மச்சான் முதல்ல ஆடினார். பொங்கலுக்கு அவருக்கு இவ்ளோ ஆட்டம் தெரியாது. மண்டி கம்ப்யூட்டர்ல ஒரு மாசமா பழகறாராம். நான் பழகறேன்னு யாரோ சொன்னாங்களாம். யாருன்னு நான் கேக்கல. பொண்டாட்டி வெத்தலை மடிச்சிக்கிட்டு இருந்தா.

"உன் அண்ணன் மீசை போனா இன்னா?" என்றேன்.

"மண்டியில நாலு பேர் வர்ற எடம். சிரிப்பாங்க."

"என் மீசை போனா?"

"உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

என் ஆட்டத்துல கடைசிப் பந்து. ஃபோர் அடிச்சா ஜெயிச்சிடலாம். சுத்தினேன். பந்து மேல போச்சு. ரொம்ப நேரம் மேலயே இருந்துச்சு. கீழ ஒருத்தன் கையை விரிச்சிக்கிட்டு நின்னான்.

பொண்ணு கண்ணாடி புடிச்சா. பொண்டாட்டி சோப்பு நுரை கலக்கினா. மச்சான் நாற்காலி இழுத்துப் போட்டு உக்காந்து பாத்தார்.

அவர் இருபத்திரெண்டு. நான் பத்தொன்பது.