இரண்டு வீட்டுச் சாப்பாடு

அப்பாவுக்குச் சிதம்பரம். நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசற்படி இறங்காத குடும்பம். அம்மாவுக்குக் கடலூர் முதுநகர். ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போகாதவனுக்கு அங்கே மதியம் சோறு கிடையாது. இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்து நான் ஒருவன்தான். அதனால் யாரும் உரிமை கொண்டாடுவதில்லை.

சின்ன வயதில் சிதம்பரத்தில் பெரியப்பா பூசிவிட்ட திருநீற்றை, கடலூர் பஸ் பாதி வழியில் ஆலப்பாக்கம் தாண்டும்போது அழித்துவிடுவேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் மாமா போட்டுவிட்ட சிலுவைச் சங்கிலி சட்டைக்குள் போகும். யாரும் சொல்லித் தரவில்லை. இன்று என் பிழைப்பே அதுதான். சினிமாவில் கதாநாயகனுடைய நண்பனுக்கு நண்பனாக வருவேன். மற்ற நாளில் மேடையில் தனியாக நின்று சிரிக்கவைப்பேன். கடலூரில் பெரியப்பா வீட்டுக் கதை, சிதம்பரத்தில் மாமா வீட்டுக் கதை.

போன வருஷம் சிதம்பரத்தில் ஒரு ஞாயிறு மாலை நிகழ்ச்சி. முதல்முறையாக இரண்டு வீட்டையும் அழைத்தேன். முடிந்ததும் எல்லோருமாக ஒரே மேசையில் சாப்பிடுவோம் என்று நப்பாசை. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிடும் சாப்பாடா அது?

வந்தார்கள். மாமா குடும்பம் இடது பக்கம், பெரியப்பா குடும்பம் வலது பக்கம். பெரியப்பா கதைக்கு இடது பக்கம் சிரித்தது, மாமா கதைக்கு வலது பக்கம். பிறகு ஆலப்பாக்கம் கதையைச் சொன்னேன். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. எப்படியோ சமாளித்தேன்.

செல்ஃபி கேட்டவர்களை அனுப்பிவிட்டு வெளியே வந்தால் வாட்ச்மேன் மட்டும்தான் இருந்தார். கேட்டைப் பூட்டக் காத்திருந்தார்.

மாமா போன் செய்தார். "பெரியப்பா வூட்டுக்குப் போயிட்டியா மாப்ள? அவுங்க ஊரு, அவுங்கதான கூப்புடணும். குறுக்க நிக்க வாணாம்னு நாங்க கெளம்பிட்டோம்."

போய்விட்டேன், இட்லியும் கொத்சும் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா. "உங்க மாமா அவ்ளோ தூரத்துலேர்ந்து கார் எடுத்துகினு வந்திருக்காரு. உன்னக் கூட்டிகினு போவத்தான வந்திருப்பாரு. நடுவுல நாங்க எதுக்குத் தம்பி?"

மாமா வீட்டில் மீன்குழம்பு காத்திருக்கிறது என்றேன்.

இருவரும் நிம்மதியாகப் போனை வைத்தார்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புரோட்டா சாப்பிட்டேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. யார்மேல் கோபப்படுவது? இரண்டு வீட்டாருமே மரியாதை தெரிந்தவர்கள்.

இதை மேடையில் சொன்னால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும் என்று தெரியும். இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அன்றைக்கு நான் யார் வீட்டிலும் சாப்பிடவில்லை என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும்.