என் பைபிளில் இல்லாத ஆகமம்

புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்து, தஞ்சாவூரில் ஒரு கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்த மாமனார், பார்வையிழந்த தகப்பனுக்கு மகன் மருந்து தடவிக் குணமாக்கும் கதை வரும் ஆகமத்தை, பைபிளின் அந்தப் புத்தகத்தை, வாசிக்கச் சொன்னார். என் பைபிளை இருமுறை புரட்டினேன்.

“எங்க பைபிள்ல அது இல்லீங்க மாமா.”

“இல்லையா? யாரும்மா எடுத்தாங்க?”

“கத்தோலிக்கங்க நீங்கதான் அதைச் சேர்த்துட்டீங்கன்னு எங்கப்பா சொல்லுவாங்க.”

அவர் சிரித்துவிட்டார். மாமியார் அந்த ஆகமம் உள்ள தங்கள் கத்தோலிக்க பைபிளைக் கொண்டுவந்து கொடுத்தார். வேதத்தில் ஒரு எழுத்தைக்கூடக் கூட்டக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அதை வாய்விட்டு வாசிப்பதே தப்பாகப் பட்டது. தகப்பன் பார்வை பெற்ற இடத்தில் மாமனார் “ஆமென்” என்றார். என்னை அறியாமல் நானும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். பார்வை நன்றாக இருந்தது. எனக்குத்தான் நிலைகொள்ளவில்லை. அந்த ஆமெனைச் சொல்லிவிட அப்பாவுக்கு போன் செய்தேன். “சாப்பிட்டீங்களாப்பா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.