மேட்டில் தோண்டிய மழைநீர்க் குழி

நேற்று நல்ல மழை. இன்று காலையில், வடமதுரை ரோட்டில் எங்கள் லேஅவுட்டை ஒட்டிய குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்திருப்பவர் தெருவில் வந்து நின்று சத்தம் போட்டார்.

"உங்க தெருச் சேறு, சிமெண்ட்டு, வண்டி ஆயிலு அம்புட்டும் என் குளத்துலதான்யா வந்து விழுது! கெண்டைக் குஞ்செல்லாம் மூச்சு முட்டி மேல வந்து வாயப் பொளக்குது."

எதிர்வீட்டு பேங்க் சார் விடவில்லை. "வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழி இருக்குய்யா. வந்து பாரும்."

தன் வீட்டுக் குழியின் மூடியைத் தூக்கினார். நாங்கள் குடிவந்து ரெண்டு வருடமாகியும் உள்ளே போட்ட ஜல்லி ஈரம் படாமல் புதுசாகவே கிடந்தது. என் வீட்டுக் குழியையும் திறந்தேன். அதில் ஒரு பல்லி குடியிருந்தது.

காரணம் எங்களுக்குத் தெரியும், சொல்லத்தான் சங்கடம். நிலம் தென்மேற்கே குளத்தைப் பார்த்துச் சரிகிறது. மாடித் தண்ணீரும் வாசல் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடிவிடுகின்றன. குழிகளோ, வாஸ்துக்காரர் சொன்னபடி, வடகிழக்கு மூலையில் மேட்டில் இருக்கின்றன.

"பள்ளத்துல தோண்ட வேண்டியதுதானே?" என்றார் குத்தகைக்காரர், நிலத்தின் சரிவைப் பார்த்துவிட்டு.

"தென்மேற்குல குழி தோண்டுனா குடும்பத்துக்கு ஆகாதுன்னு வாஸ்துக்காரர் சொல்லிட்டாருல்ல?" என்றார் பேங்க் சார்.

இன்னும் நன்றாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குத்தகைக்காரர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வாஸ்துக்காரர் நம்பர் இருக்குமா சார்? ரெண்டு வருசமா மீனே தேற மாட்டேங்குது. எங்க வீட்டுல ஏதோ மூலை சரியில்லைனு சம்சாரம் சொல்லிக்கிட்டே இருக்கா."

நம்பர் என் போனில்தான் இருக்கிறது. கொடுக்கவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.