பிறை பிந்திய ஒரு நாள்

ஹபீபுன்னிசாவுக்கு உட்காரத் தெரியாது. பட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பதினேழு வருடம் உதவியாளராக இருந்தவளைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும். கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். நாற்காலியின் நுனியில்தான் அவள் இருப்பாள். கோப்பை அடுத்த மேசைக்கு அனுப்ப மணியடித்துக் காத்திருக்காமல் தானே தூக்கிக்கொண்டு நடப்பாள். காலையில் பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கி, பாதி வழியில் கை காட்டி ஏறுவாள். அந்தத் தடத்துக் கண்டக்டர்கள் அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும்.

அப்படிப்பட்டவள் 2003இல் நான்கு மாதத்துக்கு மேல் ஒரே வீட்டுக்குள் இருந்தாள்.

அவள் கணவர் அஹமது கபீர் சவூதியில், தம்மாமில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். பத்தொன்பது வருட இல்லறத்தில் அவர் ஊரில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது. பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை, சரக்கு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அங்கேயே அடக்கினார்கள். இங்கே வந்தது ஒரு போன் மட்டும்தான்.

அன்றே இத்தா தொடங்கியது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல், நெருங்கிய உறவில்லாத ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அவளுடைய அண்ணன் மூஸா காக்கா தேங்காய் மண்டி வைத்திருப்பவர். அவர் தினசரி காலண்டரைப் புரட்டிக் கணக்குப் போட்டுச் சொன்ன தேதிப்படி, ஜூலை ஒன்று வரை ஈட்டிய விடுப்பு எழுதி அனுப்பினாள். அத்தனை நாள் விடுப்பு அவளிடம் இருந்ததே அலுவலகத்தில் பெரிய பேச்சாக இருந்தது. மற்றவர்கள் வருடம் தவறாமல் விடுப்பை ஒப்படைத்துக் காசாக்கிக்கொள்வார்கள். அதற்குச் சரண்டர் என்று பெயர். தீபாவளிக்குத் துணியும், வீட்டுக்கு ஓடும், பிள்ளைக்குத் தோடும் சரண்டரில்தான் வரும். ஹபீபுன்னிசா ஒரு நாளைக்கூட ஒப்படைத்ததில்லை. கபீர் ஊருக்கு வரும்போது லீவு வேண்டுமே என்று சேர்த்து வைத்தாள். சேர்த்ததெல்லாம் இப்படிச் செலவானது.

வீட்டுக்குள் அவளுக்குக் கால் தரிக்கவில்லை. சமையல்கட்டிலிருந்து வாசல் நடை வரை முப்பத்தோரு அடி என்று அளந்து வைத்திருந்தாள். பிளஸ் டூ முடித்திருந்த மகள் ஆசியா, “உம்மா, தரை தேஞ்சு போச்சு” என்பாள். ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜூனில் மேட்டூரைத் திறக்கவில்லை, குறுவையும் இல்லை. ஆடுகள் வாய்க்காலுக்குள் இறங்கி மறுகரை ஏறின. ஆடுகளைப் பார்த்துக்கூட அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஜூன் கடைசியில் செவ்வந்தி வந்தாள். அதே அலுவலகத்தில் தட்டச்சர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள்.

“அக்கா, நம்ம சரண்டர் போச்சு. பென்ஷன் கணக்கையும் மாத்திட்டாங்க. ரெண்டாந்தேதிலேருந்து ஸ்ட்ரைக்கு. நீயும் வரணும்.”

“ரெண்டாந்தேதிதான் நான் டூட்டியில சேரணும்.”

“சேந்துட்டு வெளிய வந்துரு.”

“சேந்த அன்னைக்கேவா?”

“அப்ப சேராமலே வெளிய நில்லு. ஒரு நடை மிச்சம்.”

ஹபீபுன்னிசா நான்கு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள், “நின்னா நிப்பேன் செவ்வந்தி. உக்கார மட்டும் சொல்லாத. உக்காந்து உக்காந்து எனக்கு மண்டை காஞ்சு போச்சு. எனக்கு இப்ப வேலைதான் வேணும். ஆசியாவக் காலேஜில சேக்கணும், மாமிக்கு மருந்து வாங்கணும். அவரும் இல்ல. இந்த வேலைய விட்டா எனக்கு ஒண்ணும் கிடையாது.”

ஜூலை ஒன்றாம் தேதி மாலை, மறுநாள் உடுத்தும் சேலைக்கு ஆசியா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மக்ரிப் தொழுகை முடிந்து மூஸா காக்கா வந்தார். செருப்பைக் கழற்றாமல் நடையிலேயே நின்றார்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு புள்ள. நான் காலண்டர்ல அச்சடிச்சிருந்த பிறைய எண்ணிட்டேன். போன மாசம் மேகமா இருந்து நம்ம ஊர்ல பிறை ஒரு நாள் பிந்தித்தான் தெரிஞ்சுது. பள்ளிவாசல் ஹஜ்ரத்து இப்பத்தான் சொல்றாரு. நாளைக்கு மக்ரிப் வரைக்கும் இத்தா இருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “தேங்காய எண்ணுனா எனக்குத் தப்பாது. பிறையத்தான் எண்ணத் தெரியல” என்றார்.

அன்றைய செய்தித்தாள் மேசைமேல் கிடந்தது. நாளை வேலைக்கு வராதவர்கள்மேல் நடவடிக்கை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மாமியார் சைத்தூன் பீவிதான் முதலில் வாய் திறந்தார். கபீர் அவருக்கு ஒரே மகன். “போயிட்டு வா புள்ள. ஒரு நாள்தானே. வேலைய விட்டுட்டு மூணு பொம்பளைங்க என்ன செய்றது? வேலைக்காகப் போறது குத்தமில்லேன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. கேட்டா நான் அனுப்புனேன்னு சொல்லு.”

ஹபீபுன்னிசா எழுந்தாள். முப்பத்தோரு அடியை நாலு தடவை நடந்தாள். இதுவரை கழிந்த நாட்களெல்லாம் விதித்த நாட்கள். எப்போது முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தவை. அவருக்காக இருந்தேன் என்று எந்த ஒரு நாளையும் அவளால் சுட்டிக் காட்ட முடியாது. இதோ ஒரு நாள் தானாக வந்து நிற்கிறது. கதவு திறந்திருக்கிறது, போ என்று மாமியாரே சொல்லுகிறார்.

“நான் இருக்கேன் மாமி” என்றாள். “காக்கா, ஒரு நாள் நீட்டிப்புக்கு எழுதித் தர்றேன். காலையில ஆபீஸ்ல குடுத்துடுங்க.”

ஜூலை இரண்டாம் தேதி அவள் நடக்கவில்லை. கபீரின் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எழுதியதெல்லாம் விலைவாசிதான். அங்கே வெங்காயம் என்ன விலை, இங்கே என்ன விலை என்று. அதைப் படித்துத்தான் அழுதாள். நான்கு மாதமாக வராத அழுகை அன்று மாலை வரை வந்தது.

மூஸா காக்கா மதியமே திரும்பிவிட்டார். “தபால் வாங்குற ஆளு ஸ்ட்ரைக்குல உக்காந்திருக்கான். சூப்பிரண்டு குஞ்சிதபாதமும் அவன் பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. உள்ள ஆபீசர் ஒருத்தர்தான். மேசையில வச்சுட்டுப் போங்கன்னாரு. வச்சுட்டு வந்தேன்.”

இத்தா முடிந்தவள் முதலில் உறவினர் வீட்டுக்குப் போவது வழக்கம். மூன்றாம் தேதி காலை அவள் நேரே அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். அலுவலக வாசலில் பந்தலின் கீழ் நாற்பது பேர் இருந்தார்கள். செவ்வந்தி எழுந்து வந்து கையைப் பிடித்தாள்.

“வாக்கா. உனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்.”

“நான் சேரணும் செவ்வந்தி.”

“நாங்கல்லாம் சேராதவங்களா? இது உன் பென்ஷனுக்கும் சேத்துத்தான்.”

“தெரியும். இன்னைக்கு என்னால உக்கார முடியாது. என்னை விட்டுரு.”

கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். பந்தலுக்குள்ளிருந்து, “கருங்காலி!” என்று ஒரு குரல் வந்தது. இன்னொரு குரல், “நாலு மாசம் லீவு தின்னவளுக்கு லீவோட அருமை எப்படித் தெரியும்?” என்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பணியில் சேரும் அறிக்கையை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, ஆளில்லாத கூடத்தில் தனியாக வேலை பார்த்தாள். அன்றைக்கு மேசைக்கு மேசை கோப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

நான்காம் தேதி அவசரச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமலே வேலைநீக்கம். இந்த அலுவலகத்துப் பட்டியலை இரண்டாம் தேதி வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தயாரித்தார்கள். ஜூலை ஒன்று வரை அவள் பெயருக்கு எதிரே விடுப்பு என்று இருந்தது. இரண்டில் கட்டம் காலி. மேசையில் வைத்த கடிதம் மேசையிலேயே எங்கோ போய்விட்டது. பட்டியலில் செவ்வந்தி பெயர் பதினாலாவது, அவள் பெயர் பதினைந்தாவது.

உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தவளிடம் காவலாளி வந்து, “அம்மா, உங்களையும் வெளிய போகச் சொல்றாங்க” என்றபோது, பந்தலில் இருந்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“கருங்காலின்னு சொன்னது யாரு? எந்திரிச்சு எடம் குடுங்க” என்றாள் செவ்வந்தி.

ஜூலை கடைசியில் நீதிமன்றம் சொல்லி வழி பிறந்தது. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்கு நிபந்தனையில்லாத மன்னிப்பும், இனிமேல் கலந்துகொள்ள மாட்டேன் என்ற உறுதியும் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேரலாம். அலுவலகத்தில் படிவத்தைக் கட்டுக் கட்டாக நகலெடுத்து வைத்திருந்தார்கள். குஞ்சிதபாதம் தன்னுடையதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மற்றவர்களுடையதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஹபீபுன்னிசா படிவத்தைப் படித்தாள். “ஜூலை இரண்டாம் தேதி முதல் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட நான்” என்று தொடங்கியது.

“சார், நான் கலந்துக்கலையே.”

“உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாதும்மா. போட்டுடுங்க. திங்கக்கிழமை சீட்டுல உக்காரலாம்.”

“போடலேன்னா?”

“தனியா மேல்முறையீடு. ஆறு மாசமோ ஒரு வருஷமோ. கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். சர்வீஸ் முறிஞ்சா பென்ஷனும் அடிபடும். ஜமாஅத்துல ஒரு லெட்டர் வாங்கி வைக்கலாம். பிறை பிந்துனதுக்கு விடுப்பு விதியில பிரிவு இருக்கான்னுதான் கேப்பாங்க.”

செவ்வந்தி கையெழுத்துப் போட்டுவிட்டு மையை ஊதிக்கொண்டிருந்தாள். “எங்கப்பா வீரையன் இருக்காரே, அரை மரக்கா நெல்லு கூடுதலாக் கேட்டு அறுப்பு அறுக்க மாட்டோம்னு நின்னவரு. பண்ணையில வெளியூர் ஆள எறக்குனாங்க. கடைசியில தப்புத்தான்னு எழுதுன காயிதத்துல கைநாட்டு வச்சாரு. நான் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுறேன். அம்புட்டுத்தான் வித்தியாசம். போடுக்கா.”

“நீ செஞ்சதுக்குப் போடுற. நான் என்ன செஞ்சேன்?”

“அன்னைக்கு உள்ள போனியே, அதுக்கு எங்ககிட்ட மன்னிப்பு கேளு.”

“அதுக்குத் தனிப் படிவம் கொண்டா, போடுறேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பேனாவைத் திறந்தாள். முதல் வரியில் அந்தத் தேதி இருந்தது. கபீருடைய வெங்காய விலைகளும், தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பகலும் அந்தத் தேதிக்குள் இருந்தன. இதில் கையெழுத்துப் போட்டால் அன்று அவள் பந்தலில் இருந்தாள் என்று ஆகும். பணிப்பதிவேட்டில் ஏறும். அவருக்கென்று அவளாக எடுத்து வைத்த ஒரே நாளை அவள் கையாலேயே வேறொன்றாக மாற்றி எழுதியதாகும்.

பேனாவை மூடினாள்.

வீட்டில் மூஸா காக்கா கத்தினார். “ஒரு கையெழுத்துதானே புள்ள! எண்ணுனது நான், தப்பு என்னோடது. உனக்கென்ன வீம்பு?”

“வீம்பு இல்ல காக்கா. நான் அன்னைக்கு எங்க இருந்தேன்னு எனக்குத் தெரியும். அத மாத்தி எழுத மாட்டேன்.”

சைத்தூன் பீவி உள்ளே போய், தன் கையிலிருந்த இரண்டு காப்பில் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து, “ஆசியா காலேஜுக்கு” என்று வைத்தார்.

திங்கட்கிழமை எல்லோரும் உள்ளே போனார்கள். ஹபீபுன்னிசா மேல்முறையீட்டு மனுவும் ஹஜ்ரத்தின் கடிதமுமாகத் தஞ்சாவூர் பஸ் ஏறினாள். அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏறினாள். மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்பாள். இல்லாவிட்டால் எந்த மேசைக்குப் போயிருக்கும் என்று அவளே சொல்லுவாள். அக்டோபரில் காவிரியில் தண்ணீர் வந்தது. நவம்பரில் அவளைக் கூப்பிட்டார்கள்.

விசாரித்த அதிகாரி வயதானவர், களைத்திருந்தார். ஹஜ்ரத்தின் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“இதுல வேலைக்கு வரக்கூடாதுன்னு கட்டாயம் எதுவும் இல்லையேம்மா. வந்திருக்கலாம்னுதானே தெரியுது?”

“வந்திருக்கலாங்க.”

“அப்புறம் ஏன் வரல?”

“என் வீட்டுக்காரருக்காக ஒரு நாள் இருக்கணும்னு தோணுச்சுங்க.”

“அன்னைக்கு வீட்டுல என்ன செஞ்சீங்க?”

“சும்மா உக்காந்திருந்தேங்க. அதுக்குத்தான் லீவு கேட்டேன்.”

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நாற்காலியின் நுனியில் இருந்தாள், எந்த நிமிடமும் எழுந்துவிடுபவள்போல. அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். பதினேழு வருடம் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவளுக்கு எழுத்தைத் தலைகீழாகப் படிக்கத் தெரியும். ‘விடுப்பு நீட்டிப்புக் கோரிக்கை உண்மையெனத் தோன்றுகிறது’ என்று எழுதினார். அடுத்த சொல்லுக்குப் பேனா கொஞ்சம் நின்றது. ஏற்கலாம் என்று எழுதினால் மாதக் கடைசிக்குள் உத்தரவு வரும். அவர் ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதினார். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே எத்தனை மேசைகள் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

“சரிம்மா, போயிட்டு வாங்க. தகவல் தபால்ல வரும்.”

அவள் அதற்குள் எழுந்திருந்தாள்.

“தபாலுக்கெல்லாம் உக்காந்திருக்க முடியாதுங்க. திங்கக்கிழமை நானே வர்றேன்.”